பதினோரு கையெழுத்தும் ஒரு கரி பஸ்ஸும்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் பாரிசுக்குப் போனவர்கள், சைகோனுக்குப் போனவர்கள், கப்பலில் வாந்தி எடுத்தவர்கள். நான் போனது பிரெஞ்சுக் கொடி பறந்த புதுச்சேரியிலிருந்து இங்கிலீஷ் கொடி பறந்த திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும். எங்கள் வீட்டுக் கூரையில் உட்காருகிற காக்கை மனசு வைத்தால் மத்தியானத்துக்குள் போய்த் திரும்பிவிடும். ஆனால் என் கூட்டாளி லூர்து விடவில்லை. "கொடி வேற, சர்க்கார் வேற, போலீஸ்காரன் தொப்பி வேற. அப்புறம் அது வெளிநாடு இல்லாம இன்னாடா?" என்றான். எழுதினால் உனக்கே தெளியும் என்றும் சொன்னான். அந்த ஒரு வருஷத்தில் என்ன நடந்தது என்று எனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. ஆகவே தெளிகிறதா பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

புதுச்சேரியில் கிறிஸ்தவச் சாமியார்கள் நடத்துகிற தொழில் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் படித்தேன். படித்தேன் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. இரண்டு வருஷம் இரும்பை அரத்தால் தேய்த்தேன். இரும்பும் தேய்ந்தது, அரமும் தேய்ந்தது, என் தலைக்குள் மட்டும் ஒன்றும் ஏறவில்லை. மூன்றாம் வருஷம் ஏதாவது ஒரு மில்லுக்குப் போய் முழு வருஷம் வேலை பழக வேண்டும். அதற்கு ஒரு கெட்டி அட்டை கொடுப்பார்கள். அதில் பன்னிரண்டு கட்டம். மாதம் ஒரு கட்டத்தில் மில் மானேஜர் கையெழுத்துப் போடுவார். பன்னிரண்டும் நிறைந்தால் சர்டிபிகேட். நிறையாவிட்டால் என் சிற்றப்பாவின் சவப்பெட்டிக் கடை. கடையில் நல்ல வியாபாரம்தான். ஆனால் சிற்றப்பா யாரைப் பார்த்தாலும் நீளம் அளக்கிற மாதிரியே பார்ப்பார். திருவிழாவில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு எதிரே போனாலும் தலையிலிருந்து கால் வரை ஒருதரம் பார்த்து, மனசுக்குள் பலகை அறுத்துவிடுவார். அந்தக் கண் எனக்கு வரக் கூடாது என்பது ஒன்றுதான் என் லட்சியம்.

மற்றப் பையன்களை எல்லாம் உள்ளூர் நூல் மில்லுக்கு அனுப்பினார்கள். லூர்தும் அங்கேதான். என்னை மட்டும் திண்டிவனத்து மல்லாட்டை மில்லுக்கு, அதாவது நிலக்கடலை உடைக்கிற மில்லுக்கு, எழுதினார் பெரிய சாமியார். "இவன் இங்கே இருந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும்" என்று காரணமும் சொன்னார்.

வெளிநாடு போகிறோமே என்று வெள்ளைக் கால்சட்டை, மூடின கோட்டு, தலையில் எண்ணெய் என்று புறப்பட்டேன். எல்லையில் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள், பேர் கேட்பார்கள், நானும் பிரெஞ்சில் இரண்டு வார்த்தை விடலாம் என்று வழி நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். எல்லையில் இருந்த போலீஸ்காரர் பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தார். என் பக்கத்தில் இருந்தவருடைய கோழிக்கூடையைப் பார்த்து, "இத்த எங்க எடுத்துக்கினு போற?" என்று கேட்டார். கோழிக்குப் பதில் கிடைத்ததும் போகச் சொல்லிவிட்டார். என்னைக் கேட்கவே இல்லை. வெளிநாட்டுக்குள் நுழைந்ததும் கிடைத்த முதல் அவமானம் அது.

இரண்டாவது, மறுநாள் காலை. மில்லுக்கு எதிரே ஒரு காப்பி கிளப். எங்கள் ஊரில் விடிந்ததும் ரொட்டியைக் கிள்ளிக் காப்பியில் நனைத்துச் சாப்பிடுகிற பழக்கம். அதே ஞாபகத்தில், "ரொட்டி இருக்குங்களா?" என்று கேட்டேன். கல்லாவில் இருந்தவர் முகம் மாறிவிட்டது.

"ஏன் தம்பி, ஜொரமா?"

"இல்லீங்களே."

"பேதியா?"

"அதுவும் இல்லீங்க."

"பின்ன எதுக்கு ரொட்டி? டேய், இந்தத் தம்பிக்கு ஓரமா எடம் போடுடா, ஒடம்பு சரியில்ல."

இந்தச் சீமையில் ரொட்டி என்பது மருந்து. டாக்டர் சொல்லி, கஷாயத்தோடு சாப்பிடுகிற பொருள். நான் இட்லி கேட்டு வாங்கித் தின்று காட்டின பிறகுதான் பக்கத்தில் இருந்தவர்கள் என்னோடு சேர்ந்து உட்கார்ந்தார்கள்.

மில்லில் என் பெயர் சவரிமுத்து என்பது முதல் நாளே தொலைந்தது. "புதுச்சேரிப் பிள்ளை" என்று தொடங்கி, "பிரெஞ்சுக்காரப் பிள்ளை" ஆகி, சாயங்காலத்துக்குள் வெறும் "பிரெஞ்சு" ஆகிவிட்டது. மில் இதுதான்: வண்டி வண்டியாக மல்லாட்டை வரும். இயந்திரம் அதை உடைக்கும். முப்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பருப்பில் சொத்தையைப் பொறுக்குவார்கள். மிச்சமாகும் தோலைப் பாய்லரில் போட்டு எரிப்பார்கள். பாய்லரின் நீராவி எஞ்சினைச் சுழற்றும், எஞ்சின் இயந்திரத்தைச் சுழற்றும், இயந்திரம் மறுபடியும் தோலைக் கொடுக்கும். மல்லாட்டை தன்னைத்தானே உடைத்துக்கொள்கிற மாதிரி இருந்தது எனக்கு.

எஞ்சின் தணிகாசலம் மேஸ்திரியுடையது. முதலாளி வாங்கினதுதான், ஆனாலும் அவருடையது. வேறு யாரும் தொடக் கூடாது. நான் வேலை பழக வந்தவன் என்று அட்டையைக் காட்டினேன். அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மண்வாரியை என் கையில் கொடுத்தார்.

"தோலப் போடு."

"எஞ்சினுக்குள்ள இன்னா இருக்குதுங்க மேஸ்திரி?"

"தோலப் போடு."

"நீராவி எப்படிங்க தள்ளுது?"

"நீ போட்டாத்தான தள்ளும். போடு."

பதினோரு மாதம் எங்களுக்குள் நடந்த பாடம் இவ்வளவுதான். நான் கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டேன், அவர் பதிலை மாற்றவே இல்லை.

இனி எனக்குக் குழப்பம் பிடித்த கதைக்கு வருகிறேன். அது யுத்த காலம். வெளிச்சத்தை மிச்சம் பிடிக்க வேண்டும் என்று சர்க்கார் எல்லாக் கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளச் சொல்லிவிட்டது. ரயிலடி, கோர்ட்டு, தபாலாபீஸ் எல்லாம் தள்ளிவிட்டன. சூரியனுக்கு மட்டும் ஆர்டர் போய்ச் சேரவில்லை. ஆகவே ஊரில் இரண்டு டைம். பழைய டைமில் பதினொன்று என்றால் புது டைமில் பன்னிரண்டு. மானேஜர் புது டைம். மேஸ்திரி பழைய டைம். எதிர் வீட்டில் இருந்த முதலாளி தபாலுக்குப் புது டைம், சாப்பாட்டுக்குப் பழைய டைம். புதுச்சேரியில் எந்த டைம் என்று என்னைக் கேட்டார்கள். கோயில் மணி அடித்தால் எழுந்திருப்போம் என்றேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

மத்தியானச் சங்கு ஊதுகிற வேலை எனக்கு வந்தது. பாய்லர் மேல் ஒரு சங்கிலி தொங்கும், இழுத்தால் ஊர் முழுக்கக் கேட்கும். புதுப் பன்னிரண்டுக்கு ஊது என்றார் மானேஜர். பழைய பன்னிரண்டுக்கு ஊது, முதலாளி மருந்து சாப்பிடணும் என்றார் மேஸ்திரி. இரண்டுக்கும் ஊதினேன். ஊரில் எவனுக்கும் எது எந்தச் சங்கு என்று தெரியவில்லை. பருப்புப் பொறுக்குகிற பூங்காவனம் அக்கா தினமும் என்னைக் கேட்பாள்:

"ஏம்பா பிரெஞ்சு, இப்ப ஊதுனியே, அது புதுசா பழசா?"

"ரெண்டும் இல்லக்கா. பிரெஞ்சு டைமு."

"அப்ப உங்க ஊர்ல இப்ப சோறு துன்றாங்களா?"

"துன்னுட்டுத் தூங்கிக்கினு இருப்பாங்க."

"குடுத்து வெச்ச ஊரு" என்று சொல்லி, கேப்பைக் கூழில் ஒரு கிண்ணம் எனக்கும் நீட்டுவாள். தொட்டுக்கொள்ளப் பச்சை மிளகாய். மல்லாட்டைக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு ஒரு பருப்பை வாயில் போடக் கூடாது என்பது மில் சட்டம். வெளியே போகும்போது வாயைத் திறந்து காட்ட வேண்டும். அக்கா வாயைத் திறந்து காட்டிக்கொண்டே மானேஜரிடம் பேசுவாள், "பல்லு ரெண்டு ஆடுது, அதையும் பாத்துச் சொல்லுங்க சாரு" என்று.

எனக்கு ஒரு நாள் நல்ல யோசனை ஒன்று தோன்றியது. இரண்டு கட்சிக்கும் பொதுவாக, நடுவில், புது டைம் பன்னிரண்டரைக்கு ஒரு சங்கு ஊதினால் சமாதானம் ஆகிவிடும் அல்லவா? ஊதினேன். அன்றைக்கு மூன்று சங்கு. முதல் சங்குக்குச் சாப்பிடப் போன பெண்கள் இரண்டாம் சங்குக்குத் திரும்பி வந்தார்கள். மூன்றாம் சங்குக்கு மறுபடியும் சாப்பிடப் போனார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார் குடையோடு சண்டைக்கு வந்துவிட்டார். பிள்ளைகள் பாதிப் பேர் வீட்டுக்கு ஓடிவிட்டார்களாம். மானேஜர் என்னைக் கூப்பிட்டு, "நீ வேலை பழக வந்தியா, ஊரப் பேஜார் பண்ண வந்தியா?" என்று கேட்டார். உண்மையில் எனக்கும் அது சந்தேகமாகத்தான் இருந்தது.

இதைவிடப் பெரிய சிக்கல் ராகு காலம். மானேஜர் ராகு காலத்தில் பேனா மூடியைத் திறக்க மாட்டார். திங்கட்கிழமை ராகு காலம் காலை ஏழரையிலிருந்து ஒன்பது. யாருடைய ஏழரை? சர்க்கார் ஏழரையா, சூரியன் ஏழரையா? மானேஜர் நன்றாக யோசித்து, ஒன்றை விட்டு ஒன்றைப் பிடித்தால் வம்பு என்று இரண்டையும் வைத்துக்கொண்டார். புது டைம் ஏழரைக்குத் தொடங்கும் ராகு காலம், பழைய டைம் ஒன்பது அடிக்கிற வரைக்கும் நீளும். அதாவது மில் கடிகாரத்தில் ஏழரையிலிருந்து பத்து. யுத்தத்தில் எல்லாம் ரேஷன் ஆனபோது ராகு காலம் மட்டும் எங்கள் மில்லில் கூடுதலாகக் கிடைத்தது.

இடையில் பாய்லரில் கசிவு கண்டு மில்லை ஒரு மாதம் மூடினார்கள். அந்த மாதம் நான் மில் வாசலில் உட்கார்ந்து வண்டி மாடுகளுக்குப் பெயர் வைத்தேன். மாதக் கடைசியில் அட்டையை நீட்டினேன். "மில்லே தூங்குது, நான் எதுக்குக் கையெழுத்துப் போடணும்?" என்றார் மானேஜர். சீசன் முடிந்து மில் மூடுகிற நாளும் வந்தது. அட்டையில் பத்துக் கையெழுத்து, அன்றைய மாதத்துக்கு ஒன்று போட்டால் பதினொன்று. பன்னிரண்டாவது கட்டத்துக்கு மாதம் இல்லை.

அந்த வாரம் பெரிய சாமியாரிடமிருந்து கடிதம். திங்கட்கிழமை அவர் விழுப்புரம் ஸ்டேஷனில் வண்டி மாறித் தெற்கே போகிறார். பன்னிரண்டு மணிக்கு நான் அட்டையோடு அங்கே இருக்க வேண்டும். ஒன்றரைக்கு வண்டி. அன்றைக்கு அட்டை வராவிட்டால் என் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார். எந்தப் பன்னிரண்டு என்று எழுதவில்லை. சாமியாருக்கு மோட்சத்து டைம் தெரியும், சர்க்கார் டைம் தெரியுமா என்று எனக்கு விளங்கவில்லை. புதுப் பன்னிரண்டுக்கே போய்விடுவது என்று முடிவு செய்தேன்.

திங்கட்கிழமை காலை ஏழுக்கு மானேஜர் வீட்டு வாசலில் நின்றேன். அவர் குளித்துவிட்டு வரும்போது ஏழு முப்பத்தைந்து. "ராகு காலம் வந்துடுச்சே" என்று பேனாவைப் பையில் போட்டுக்கொண்டார். எட்டு மணி ரயில் என் கண் முன்னால் புகை விட்டுக்கொண்டு போயிற்று. பத்து அடித்ததும் பேனாவைத் திறந்தார்.

"சாரு, கையெழுத்தக் கொஞ்சம் பெருசாப் போடுங்க."

"எதுக்குடா?"

"சாமியாருக்குக் கண்ணு மங்கல்."

பாவம், நம்பிவிட்டார். பேரை நீட்டி, இனிஷியலை இழுத்து, கடைசிச் சுழியை வாலாக விட்டு அவர் போட்ட கையெழுத்து பதினோராம் கட்டத்தில் தொடங்கிப் பன்னிரண்டாம் கட்டத்தின் நடுவில் போய் முடிந்தது. அவசரமாகப் பார்த்தால் இரண்டு மாதிரி இருக்கும். அதை நம்பித்தான் புறப்பட்டேன்.

விழுப்புரத்துக்கு இருந்தது காதர் பாய் ஓட்டுகிற கரி பஸ். பெட்ரோல் எல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டதால் பஸ்ஸின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புப் பீப்பாய் கட்டியிருப்பார்கள். அதில் கரியைக் கொட்டிப் புகைய விட வேண்டும். அந்த வாயுதான் எஞ்சினுக்கு ஆகாரம். கிளம்புவதற்கு முன்னால் கிளீனர் கால் மணி நேரம் ஒரு கைப்பிடியைச் சுற்றிக் காற்றடிப்பார். அவர் சுற்றுகிற வேகத்தைப் பார்த்தால் அவரே நம்மைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம் போல் இருக்கும்.

"ஜல்தி ஏறுங்க, ஜல்தி!" என்று காதர் பாய் சத்தம் போட்டார். ஏறினோம். முதல் மேட்டில், "ஜல்தி எறங்குங்க!" என்றார். இறங்கித் தள்ளினோம். கூட்டேரிப்பட்டு போய்ச் சேர்வதற்குள் மூன்று தரம் இறங்கி மூன்று தரம் ஏறினேன். ஒரு கோர்ட்டு குமாஸ்தா காகிதக் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு என் பக்கத்தில் தள்ளினார். "பஸ்ஸுல போறேன்னு வீட்ல சொல்லிட்டு வந்தேன்" என்று மூச்சு வாங்கினார். "நாம போறோம், பஸ்ஸு கூட வருது" என்றேன். அந்த மூச்சிரைப்பிலும் சிரித்தார்.

விக்கிரவாண்டிக்கு ஒரு மைல் இருக்கும்போது பஸ் நின்றது. பீப்பாயில் கரி தீர்ந்துவிட்டது. கூரை மேல் இருந்த இரண்டாவது மூட்டை முந்தின நாள் மழையில் ஊறிப் போயிருந்தது. கிளீனர் ஒரு துண்டை எடுத்துப் பிழிந்தார். தண்ணீர் சொட்டியது. கடிகாரம் வைத்திருந்த குமாஸ்தா பதினொன்றே முக்கால் என்றார். எந்த டைம் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்போதுதான் அந்த மாட்டுவண்டி வந்தது. செங்கல் சூளைக்குப் போகிற வண்டி, நிறைய மல்லாட்டைத் தோல். எங்கள் மில்லில் இருந்து வந்த தோல். உலர்ந்து கலகல என்று இருந்தது. பதினோரு மாதம் நான் அள்ளிப் போட்ட தோல் என்னைத் தேடிக்கொண்டு வந்து நிற்கிறது என்றே நினைத்தேன்.

"பாய், இத்தப் போட்டா பஸ்ஸு ஓடும்."

"அரே, தோலுல பஸ்ஸு ஓடுமா?"

"மில்லே ஓடுது பாய். பதினோரு மாசமா பாய்லருக்குத் தோல் போட்ட கை இது. பாருங்க காய்ப்ப."

காதர் பாய் என் உள்ளங்கையைப் பார்த்தார். குமாஸ்தா, "மில்லுக்காரப் பிள்ளைங்க, தெரிஞ்சுதான் சொல்லும்" என்று சிபாரிசு செய்தார். வண்டிக்காரர் நான்கு கூடை கொடுத்தார். நானே பீப்பாய் மேல் ஏறிக் கொட்டினேன். கிளீனர் சுற்றினார். குபுகுபு என்று வெள்ளைப் புகை. எஞ்சின் ஒரு கர்ஜனை போட்டது. பஸ் கிளம்பியது. கிளம்பியதா! கரியில் ஒரு நாளும் ஓடாத வேகத்தில் ஓடியது. ஜனங்கள் கை தட்டினார்கள். காதர் பாய் திரும்பிப் பார்த்து, "பிரெஞ்சு, நீ ஆளுப்பா!" என்றார். என் வாழ்க்கையில் முதல் தரமாக எனக்கு எஞ்சின் தெரியும் என்று நினைத்தேன்.

இரண்டு பர்லாங்கு. அவ்வளவுதான் அந்தப் பெருமை. பிறகு பஸ் இருமியது, தும்மியது, ஒரு பெரிய ஏப்பம் விட்டது, நின்றது. காதர் பாய் மூடியைத் திறந்து குழாயைக் கழற்றினார். உள்ளே இருந்து தார் ஒழுகியது. கறுப்பாக, பாகு மாதிரி. தோல் எரிந்த புகையெல்லாம் உள்ளே போய்க் குளிர்ந்து பிசினாக ஒட்டிக்கொண்டிருந்தது. வால்வுகள் அசையவில்லை. ஜனங்கள் கை தட்டின கையால் என்னைச் சுட்டிக் காட்டினார்கள்.

"பாய்லர் எரியுதுன்னியே!"

"எரியுதுங்களே பாய்..."

"இது பாய்லராடா? எரிஞ்சா போதுமா? வாயு சுத்தமா வரணும்டா! எஞ்சின் போச்சு! முதலாளி எனக்கு வேலையே இல்லன்னுடுவாரு!"

என் சட்டைக் காலரைப் பிடித்தவர் விடவில்லை. அவரும் விழுப்புரம் போய் முதலாளியிடம் சொல்ல வேண்டும், நானும் போக வேண்டும். ஆகவே ஒரே ஜட்காவில் ஏறினோம், அவர் கையில் என் காலரோடு. எட்டு மைல். அவர் உருதுவில் திட்டினார், களைத்ததும் தமிழில் திட்டினார். ஜட்காக்காரர் சண்டையைக் கேட்கிற ஆசையில் குதிரையை மெதுவாகவே விட்டார். "சாமியார் கிட்ட போறியா? நானும் வர்றேன். உங்க சாமியார் கிட்டயே நாயம் கேக்கிறேன்" என்றார் பாய்.

ஸ்டேஷனுக்குள் ஓடும்போது பெரிய கடிகாரத்தில் இரண்டு அடிக்கப் பத்து நிமிஷம். ஒன்றரை வண்டி போயிருக்கும். எனக்கு மரப்பலகையும் ஆணியும் கண்ணில் தெரிந்தன. ஆனால் பிளாட்பாரத்தில், ஒரு பெஞ்சில், வெள்ளை அங்கியும் தாடியுமாகப் பெரிய சாமியார் உட்கார்ந்து வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். வண்டி முக்கால் மணி லேட்டாம். புது டைம், பழைய டைம் தவிர ரயிலுக்கென்று மூன்றாவது டைம் ஒன்று இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சாமியார் அட்டையை வாங்கினார். விரல் வைத்து எண்ணினார்.

"ஒன்பது, பத்து, பதினொன்று... இது என்ன, இந்த மாதம் மட்டும் மானேஜருக்குக் கை நீண்டுவிட்டதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பாய் சொன்னார். கரி, மழை, தோல், தார், வால்வு எல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். சாமியார் பழத்தைத் தின்று முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தோலை ஏன் போட்டாய்?"

"பாய்லர்ல எரியும் சாமி."

"பஸ்ஸில் பாய்லர் இருக்கிறதா?"

"இல்ல சாமி."

"பிறகு என்ன இருக்கிறது?"

யோசித்துப் பார்த்தேன். பதினோரு மாதம் எஞ்சின் பக்கத்தில் நின்றிருக்கிறேன். அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. சாமியார் பையிலிருந்து பட்டியலை எடுத்தார், பென்சிலையும் எடுத்தார். என் பெயர் மேல் பென்சில் நின்றது.

"இன்னா சாமி பண்றீங்க?" என்றார் பாய்.

"பெயரை எடுக்கிறேன்."

"எடுத்தா?"

"இவன் வீட்டுக்குப் போகலாம். சிற்றப்பா சவப்பெட்டி செய்கிறார், அங்கே ஆள் வேண்டுமாம்."

பாய் பதறிவிட்டார். என் மேல் இரக்கப்பட்டு அல்ல. "அரே, இவன் ஊட்டுக்குப் போயிட்டா என் வால்வை எவன் சொரண்டுவான்? தாரு அடைச்சவன் இவன். ஒரு மாசம் எங்கிட்ட வுடுங்க சாமி. ஷெட்டுல கட்டிப் போட்டு வேலை வாங்குறேன்."

சாமியார் என் பெயர் மேலிருந்து பென்சிலை எடுக்காமலே கேட்டார், "உங்கள் முதலாளி பன்னிரண்டாவது கட்டத்தில் கையெழுத்துப் போடுவாரா?"

"எஞ்சின் ஓடினாப் போடுவாரு. ஓடலன்னா என்னையும் சேத்துத் தொரத்துவாரு."

பென்சில் மெல்ல அங்கிப் பைக்குள் போயிற்று. "ஒரு மாதம் கழித்து இதே வழியாகத் திரும்புகிறேன். அதுவரை பெயர் இருக்கட்டும்" என்றார். "எத்தனை மணிக்கு சாமி? புது டைமா பழைய டைமா?" என்று கேட்டேன். "வண்டி வரும்போது" என்றார்.

அந்த மாதம் முழுக்க விழுப்புரத்து பஸ் ஷெட்டில் கழிந்தது. பாய் கட்டிப் போடவில்லை, ஆனால் செருப்பை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டார். எஞ்சினைப் பிரித்துத் தரையில் சாக்கு விரித்துப் பரப்பினோம். பிஸ்டன் என்பதை அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். டம்ளரைக் கவிழ்த்த மாதிரி ஒன்று, இவ்வளவு சின்னது. இதற்காகவா பதினோரு மாதம் மேஸ்திரி மறைத்து வைத்தார்? ரேஷன் மண்ணெண்ணெயைத் துளித் துளியாக விட்டுத் தாரைச் சுரண்டினேன். நகத்துக்குள் போன கறுப்பு ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் என்னோடு வந்தது. மத்தியானம் பாய் வீட்டிலிருந்து ரொட்டி வரும். கோதுமை ரொட்டி, பருப்பு. அந்த வீட்டில் காய்ச்சல் இல்லாதவனுக்கும் கொடுத்தார்கள்.

முதல் தரம் பூட்டினபோது உள்ளே வாயு வருகிற வால்வையும் புகை போகிற வால்வையும் இடம் மாற்றி வைத்துவிட்டேன். கிளீனர் அரை மணி நேரம் சுற்றினார். எஞ்சின் மூச்சுக்கூட விடவில்லை. "மூக்குல துன்னு வாயில மூச்சு வுடச் சொன்னா எப்படிடா?" என்று கேட்டார் பாய். மறுபடி பிரித்தேன். இந்தத் தரம் ஒவ்வொன்றையும் கையில் வைத்துக்கொண்டு, நீ எதற்கு, நீ எதற்கு என்று கேட்டுப் பூட்டினேன். யாரும், தோலைப் போடு என்று சொல்லவில்லை. கேட்டதற்குப் பாய் திட்டிக்கொண்டே பதில் சொன்னார். திட்டு அதிகம், பதிலும் இருந்தது.

அமாவாசை வந்தது. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குக் கூட்டம். பஸ் முதலாளி, அந்தப் பஸ்ஸையே விடு, போய்த் திரும்பினால்தான் கையெழுத்து என்றுவிட்டார். உள்ளே நாற்பது பேர், கூரையில் எத்தனை என்று எண்ணவில்லை. பஸ் உறுமினதும் ஒரு அம்மாள், "அங்காளம்மா, கொண்டு போய்ச் சேத்துடும்மா" என்று கும்பிட்டாள். "அம்மா கொண்டாந்து சேக்கும், வழியில நான் ஓட்டிக்கிறேன்" என்றார் பாய். நான் பின்னால் பீப்பாயைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சத்தத்துக்கும் காது கொடுத்து, நல்ல உலர்ந்த கரியாகப் பார்த்துப் பார்த்துப் போட்டேன். செஞ்சி தாண்டி ஒரு தரம் நின்றது. இறங்கி ஓடிப் பார்த்தால் எதிரே ஆட்டு மந்தை. இன்னொரு தரம் நின்றது, ஒருத்தருக்கு மொட்டை போட வாங்கின கத்தி கீழே விழுந்துவிட்டதாம். மற்றபடி ஓடியது. போயிற்று, திரும்பியது. முதலாளி கையெழுத்துப் போடும்போது எந்தக் காலமும் பார்க்கவில்லை. பேனாவில் மை இருக்கிறதா என்று மட்டும் உதறிப் பார்த்தார். பன்னிரண்டாம் கட்டத்தில் பாதியை மானேஜருடைய வால் பிடித்துக்கொண்டிருந்ததால், மிச்சம் இருந்த மூலையில் நெருக்கிப் போட்டார்.

சாமியார் வண்டி வந்தபோது மத்தியானம். என்ன டைம் என்று நான் பார்க்கவில்லை, காலையிலிருந்தே பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டையும் எண்ணினார். பிறகு, "பஸ்ஸில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார். சொல்ல ஆரம்பித்தேன். கரி, வாயு, வடிகட்டி, வால்வு, பிஸ்டன், தார் ஏன் வருகிறது, தோல் ஏன் ஆகாது என்று அவர் டம்ளர் காப்பி ஆறுகிற வரைக்கும் சொன்னேன். "போதும், வண்டி போய்விடும்" என்றார். பட்டியலில் என் பெயருக்கு நேரே ஒரு கோடு இழுத்தார். அடிக்கிற கோடா, தேறின கோடா என்று தெரியாமல் நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி நகர்ந்த பிறகு ஜன்னல் வழியாக, "தேறிவிட்டாய், போ" என்றார்.

அன்றைக்கே லூர்துக்கு நான்கு பக்கம் எழுதினேன். நான் இனிமேல் மெக்கானிக், ஒரு முழு எஞ்சினை என் கையாலேயே பிரித்துப் பூட்டினவன், காதர் பாய் சனிக்கிழமை ஒரு கலியாணக் கோஷ்டியை ஏற்றிக்கொண்டு புதுச்சேரி வருகிறார், அதே பஸ்ஸில் முன் சீட்டில் வருகிறேன், எல்லையில் வந்து நின்று வரவேற்கவும் என்றெல்லாம்.

நான்காம் நாள் லூர்துவிடமிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. அதில் ஒரே வரி: "ரொம்ப சந்தோஷம்டா சவரி, ஆனா கலியாணப் பொண்ணு பாவம், அவங்களையும் எறக்கி உங்கூட நடத்தியே கூட்டிக்கினு வந்துடு."